சிரிப்பின் செலவு யார் தலையில்?

("குடும்ப நகைச்சுவைப் படங்கள்: நிறையும் குறையும்" என்னும் தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் பேசிய நண்பர், அண்மைக் காலத்தில் வரும் தமிழ் நகைச்சுவைப் படங்களைக் குடும்பத்தோடு துணிந்து பார்க்கலாம் என்றார். அடுத்துப் பேசிய அம்மையார், அந்தக் காலத்து நகைச்சுவைக்கு இவை ஈடாகுமா என்று கேட்டார். இருவரும் சொன்னதில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதியைப் பற்றிப் பேசத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

"குடும்பத்தோடு பார்க்கலாம்" என்று ஒரு படத்துக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறோமே, அதை எதை வைத்துக் கொடுக்கிறோம்? இரட்டை அர்த்த வசனம் இல்லை, அரைகுறை ஆடை இல்லை, ரத்தம் இல்லை. இப்படி மூன்று 'இல்லை'களை எண்ணிவிட்டுச் சான்றிதழை நீட்டி விடுகிறோம். ஓர் உணவுக்கடைக்காரர், "என் சாப்பாட்டில் கல் இல்லை, முடி இல்லை, ஈ இல்லை, ஆகவே இது நல்ல சாப்பாடு" என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? ருசி எங்கே என்று கேட்க மாட்டோமா? நகைச்சுவைக்கும் அப்படி ஒரு கேள்வி உண்டு. நாம் யாரை வைத்துச் சிரிக்கிறோம்? அந்தச் சிரிப்புக்கு யார் விலை கொடுக்கிறார்? இந்த அளவுகோலை வைத்துத்தான் அண்மைப் படங்களை எடை போடப் போகிறேன்.

அம்மையார் பழைய காலத்தைச் சொன்னதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 1964ல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் தம் தந்தையாக வரும் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை மறந்தவர் இருக்க முடியாது. அந்தக் காட்சியில் யாருடைய நிறமும் தலையும் பல்லும் கேலிக்கு ஆளாகவில்லை. கதை சொல்லும் மகனின் ஆர்வம் ஒரு பக்கம், கேட்கும் அப்பாவின் பயம் மறுபக்கம். அவ்வளவுதான் சரக்கு. அந்தப் படத்தில் நகைச்சுவையே கதையாக இருந்தது.

பிறகு வந்த காலத்தில், குறிப்பாக 1980களின் பிற்பகுதியிலிருந்து, நகைச்சுவையைத் தனியாக எழுதித் தனியாக எடுத்துக் கதைக்கு நடுவே செருகும் வழக்கம் வேரூன்றியது. கவுண்டமணி, செந்தில், பின்னர் வடிவேலு, விவேக் என்று பெரும் கலைஞர்கள் அதில் கொடி நாட்டினார்கள். அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. 1989ல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சி இன்றைக்கும் சிரிக்க வைக்கிறது என்றால், அதற்குக் காரணம் செந்தில் வைக்கும் வாதம். இரண்டு பழம் வாங்கச் சொன்னால் ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்றும் இதுதான் என்கிற அந்த விசித்திர நியாயம். ஆனால் அதே இணை நடித்த எத்தனையோ காட்சிகளில் மண்டையையும் நிறத்தையும் உடம்பையும் சொல்லித் திட்டுவதே நகைச்சுவை ஆனது. உதைப்பவர் ஒருவர், உதை வாங்குபவர் ஒருவர். நம் பிள்ளைகள் பள்ளி வளாகத்தில் ஒருவரையொருவர் அழைக்கும் பட்டப்பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று விசாரித்தால், பல பெயர்கள் இந்தக் காட்சிகளில் போய் நிற்கும். அந்தப் படங்களையும் நாம் குடும்பத்தோடுதான் பார்த்தோம். அஸ்ட்ரோவில் மறுபடி ஓடும்போது இன்றும் பார்க்கிறோம். ஆகவே அம்மையாரே, பழையது எல்லாம் பொன் என்று சொல்ல முடியவில்லை.

இப்போது புதிய படங்களுக்கு வருகிறேன். ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. அதை முதலில் மனதாரச் சொல்லிவிட வேண்டும்.

யோகி பாபுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முடியையும் உருவத்தையும் சொல்லிச் சிரித்த காட்சிகள் எத்தனை! அவரையே நாயகனாக வைத்து மடோன் அஸ்வின் 2021ல் 'மண்டேலா' எடுத்தார். ஊரே கிள்ளுக்கீரையாக நடத்துகிற முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர். ஊராட்சித் தேர்தலில் இரண்டு சாதிக் கட்சிகளுக்கும் சரிசமமான வாக்கு. அவர் ஒருவருடைய வாக்குதான் வெற்றியை முடிவு செய்யும் என்ற நிலை. நேற்று வரை வாசலில் நிற்க விடாதவர்கள் இன்று விருந்து வைக்கிறார்கள். சிரிக்கிறோம், ஆனால் அந்தத் தொழிலாளியைப் பார்த்து அல்ல, அவருக்குப் பின்னால் ஓடுகிறவர்களைப் பார்த்து. அந்தப் படம் முதலில் தொலைக்காட்சியில்தான் ஒளியேறியது, பிறகு நெட்ஃபிலிக்ஸ். வீட்டுக் கூடத்தில் பிறந்த படம் என்றே சொல்லலாம். இயக்குநருக்கு அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும் வசனத்துக்கான விருதும் கிடைத்தன. என்னைக் கேட்டால், கடந்த சில ஆண்டுகளில் வந்த நகைச்சுவைப் படங்களில் சிரிப்பின் திசையைச் சரியாகத் திருப்பி வைத்த படம் அதுதான்.

அடுத்து 'குடும்பஸ்தன்'. ராஜேஷ்வர் காளிசாமி இயக்கி, 2025 ஜனவரியில் வந்த படம். மணிகண்டன் நாயகன். இந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் நிறையும் குறையும் இரண்டுமே இதில் தெளிவாகத் தெரிகின்றன.

கோயம்புத்தூரில் விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞன் நவீன். சாதி மாறிப் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறான். மனைவி வெண்ணிலா இந்திய ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படிக்கிறவள். வீட்டில் அப்பா, அம்மா. அக்காள் கணவர் கையில் காசு புழங்குகிற மனிதர். அதைக் காட்டாமல் ஒரு நாளும் தூங்கப் போகாதவர். குரு சோமசுந்தரம் அந்த வேடத்தில் வெளுத்து வாங்குகிறார். இந்த நிலையில் நவீனுக்கு வேலை போய்விடுகிறது. வீட்டில் சொல்லவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வர வேண்டுமே? கடன் வாங்குகிறான். அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன். கைத்தொலைபேசியில் தட்டினால் பணம் தருகிற செயலிகளிடமும் போகிறான்.

இதில் எங்கே சிரிப்பு என்று கேட்பீர்கள். பணம் இல்லாதவன் பணம் இருப்பது போல நடிக்க வேண்டியிருக்கிறதே, அங்கேதான் சிரிப்பு. மச்சான் முன்னால் கௌரவம் குறையக் கூடாது என்பதற்காக, கையில் இல்லாத பணத்தைச் செலவு செய்கிறான். ஒவ்வொரு பொய்யும் அடுத்த பொய்க்கு முன்பணம். அதைப் பார்க்கும்போது கிள்ளானிலோ ஈப்போவிலோ உட்கார்ந்திருக்கும் நமக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்துகிறது. ஏன்? நம் வீடுகளிலும் கல்யாண மண்டபத்துக்கும் மேசைக் கணக்குக்கும் தங்கத்துக்கும் கடன் வாங்கியிருக்கிறோம். ஆ லோங்கிடம் போய் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் வாங்கிய குடும்பங்கள் நம் குடியிருப்புகளில் உண்டு. அவர்கள் எல்லாரும் ஊதாரிகளா? இல்லை. "நம்மால் முடியவில்லை" என்று உறவினர் முன் ஒரு வாக்கியம் சொல்லக் கூச்சப்பட்டவர்கள். அந்தக் கூச்சத்தைத்தான் இந்தப் படம் நகைச்சுவையாக்கியது. அடி வாங்குகிற ஒருவன், அடிக்கிற ஒருவன் என்று இல்லாமல், நம் வறட்டுக் கௌரவத்தையே நாம் பார்த்துச் சிரிக்கிறோம்.

பணத்தட்டுப்பாட்டைச் சிரிப்பாக்கியது இதுதான் முதல் முறை என்று சொல்ல வரவில்லை. 1994ல் வி. சேகர் 'வரவு எட்டணா செலவு பத்தணா' எடுத்தார். தலைப்பே வீட்டுக் கணக்குப் புத்தகம். அவர் படங்களுக்கென்று நம் நாட்டிலும் ஒரு குடும்பக் கூட்டம் இருந்தது. ஆனால் அவற்றில் கடைசியில் யாராவது எழுந்து நின்று சிக்கனத்தைப் பற்றிப் பாடம் நடத்துவார்கள். 'குடும்பஸ்தன்' பெரும்பகுதி நேரம் பாடம் நடத்தவில்லை. அது முன்னேற்றம்.

இனி, குறை. அந்த வெண்ணிலாவை எண்ணிப் பாருங்கள். சாதி மாறி வந்தவள் என்ற குத்தலை அந்த வீட்டில் தாங்குகிறாள். படிப்புக்குக் கட்டணம் வேண்டும், கேட்கத் தயங்குகிறாள். கணவன் சொல்லும் பொய்யால் முதலில் பாதிக்கப்படுகிறவள் அவள்தான். படத்தில் எல்லாருக்கும் ஒரு நகைச்சுவை இருக்கிறது. அப்பாவுக்கு உண்டு, அம்மாவுக்கு உண்டு, மச்சானுக்கு நிறைய உண்டு, கடன் கொடுத்தவனுக்குக்கூட உண்டு. வெண்ணிலாவுக்கு என்ன இருக்கிறது? கலங்கிய கண்ணும் பொறுமையும். அவ்வளவு கெட்டிக்காரப் பெண், ஆட்சிப் பணித் தேர்வு எழுதப் போகிறவள், அந்த வீட்டுக் கூத்தைப் பார்த்து ஒரு நாளாவது ஒரு கிண்டல் செய்திருக்க மாட்டாளா? எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை.

இந்தக் குறை இந்த ஒரு படத்தோடு நிற்கவில்லை. 2023ல் வந்த 'குட் நைட்' படத்தையும் பார்த்திருப்பீர்கள். விநாயக் சந்திரசேகரன் இயக்கியது. குறட்டையை வைத்து ஒரு முழுப் படம். குறட்டையால் ஊர் கேலிக்கு ஆளாகி, மோட்டார் மோகன் என்று பெயரே வாங்கிய இளைஞனுக்குத் திருமணம் நடக்கிறது. முதல் பாதி அருமை. ஒரு நடுத்தரக் குடும்பத்துச் சின்ன வீட்டில், ஒருவர் தூங்கினால் மற்றவர் தூங்க முடியாது என்கிற நிலைமை எவ்வளவு உண்மையானது! குறட்டையை வியாதி என்றும் சொல்ல முடியாமல், குணம் என்றும் சொல்ல முடியாமல் அந்தக் குடும்பம் தவிப்பதை அளவாகச் சொன்னார்கள். குழந்தை இல்லாத அக்காள், அத்தான் இருவரின் கதையையும் கூச்சல் இல்லாமல் பக்கத்திலேயே நடத்திச் சென்றார்கள்.

ஆனால் திருமணத்துக்குப் பிறகு அந்தப் பெண் அனு தன் தூக்கம் கெடுவதைக் கணவனிடம் சொல்லாமல் மறைக்கிறாள். தான் ராசியில்லாதவள் என்று சின்ன வயதிலிருந்தே நம்ப வைக்கப்பட்டவள் அவள். அவன் குற்ற உணர்ச்சியில் வெந்து, அந்த எரிச்சலை அவள் மேலேயே காட்டுகிறான். சிரித்துக்கொண்டிருந்த படம் முகத்தை மாற்றிக்கொண்டு அழத் தொடங்குகிறது. நேயர்களே, கூர்ந்து கவனித்தால் இந்தப் படங்களுக்கு ஒரு வாய்ப்பாடு இருப்பது தெரியும். இடைவேளை வரைக்கும் சிரிப்பு. இடைவேளைக்குப் பிறகு கண்ணீர். கடைசிப் பத்து நிமிடம் அறிவுரை. சிரிப்பு மட்டும் போதாது, கொஞ்சம் அழ வைத்தால்தான் "நல்ல படம்" என்று சொல்வார்கள் என்கிற பயம் இயக்குநர்களுக்கு. அந்தப் பயத்துக்கு நாமும் காரணம். அழுதுவிட்டு வெளியே வந்தால்தான் டிக்கெட் பணம் செரித்தது என்று நினைக்கிறவர்கள் நம்மில் அதிகம். சிரிப்பு வந்தால் பொழுதுபோக்கு, கண்ணீர் வந்தால் காவியம். இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

கண்ணீரைப் பற்றிப் பேசும்போது 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை விட முடியாது. 2025 மே முதல் நாள் வந்த படம். இயக்கிய அபிஷன் ஜீவிந்த் மிகவும் இளைஞர். சசிகுமார், சிம்ரன், இரண்டு பிள்ளைகள். இலங்கையில் பொருளாதார நெருக்கடி தாங்க முடியாமல் படகில் ஏறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு குடியிருப்பில் மறைந்து வாழ்கிற ஈழத் தமிழ்க் குடும்பம். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று மாமன் யோகி பாபு எச்சரிக்கிறார். வாயைத் திறந்தால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும்! தமிழரிடம் தமிழில் பேச முடியாத தமிழ்க் குடும்பம். எவ்வளவு சின்னக் கற்பனை, எவ்வளவு பெரிய சிரிப்பு! செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் யாழ்ப்பாணத்து அண்டை வீட்டாரோடு பழகியவர்களுக்கு அந்தக் "கதைக்கிறது" என்ற சொல் காதில் விழும்போது கூடுதலாக ஒரு சிரிப்பு வரும். பேச்சு வழக்கைக் கொச்சைப்படுத்திக் கேலி செய்யாமல், அதை மறைக்க வேண்டிய நிலைமையைக் கேலி செய்தார்கள். பழைய படங்களில் இலங்கைத் தமிழும் மலேசியத் தமிழும் என்ன பாடு பட்டன என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

குடியிருப்பில் வயதான ஒரு பெண்மணி இறந்து போகிறார். அதுவரை ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்காத குடித்தனங்கள் இந்தப் புதிய குடும்பத்தின் முயற்சியால் ஒன்று கூடுகின்றன. நான் கண் கலங்கினேன், மறுக்கவில்லை. படுக்கையில் விழுந்தால்கூட யாரும் எட்டிப் பார்க்காத அடுக்குமாடி வாழ்க்கை நமக்கும் பழகிவிட்டது அல்லவா?

ஆனாலும் ஒரு நெருடல். அந்தப் படத்தில் நெஞ்சில் ஈரமில்லாதவர் என்று எவரையும் நெடுநேரம் காண முடியாது. போலீஸ்காரர்கூட இளகிவிடுகிறார். துரத்தி வரும் காவல் துறையிடமிருந்து குடியிருப்பே சேர்ந்து அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. நடப்பு என்ன? 2022 மார்ச் முதல் அந்த நெருக்கடியால் படகேறி வந்தவர்கள் மண்டபம் முகாமில்தான் தங்க வைக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் 1983க்குப் பிறகு வந்த ஈழத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் தலைமுறை தாண்டியும் முகாம்களில் வாழ்கிறார்கள். 2021ல் அவற்றின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். குடியுரிமை மட்டும் எட்டாக் கனியாகவே நின்றது. 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையொப்பமிடவில்லை. நம் மலேசியாவும் கையொப்பமிடவில்லை. நல்ல மனம் படைத்த அண்டை வீட்டார் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று படம் நம்மைத் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறது. நகைச்சுவைப் படத்திடம் போய்ச் சட்டப் புத்தகம் கேட்கலாமா என்று நண்பர் கேட்கக்கூடும். சட்டம் கேட்கவில்லை ஐயா. 'மண்டேலா' சாதியைச் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டியதே, அந்தத் துணிச்சலில் கால்பங்கு கேட்கிறேன்.

சரி, பெண்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். நம் சினிமாவில் பெண்களுக்கு நகைச்சுவை வராது என்று யாராவது சொன்னால் மனோரமா ஆச்சியின் ஆவி மன்னிக்காது. விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' 1986ல் வந்தது. வேலைக்காரி கண்ணம்மாவாக வந்த ஆச்சி, பெரிய மனிதர் ஒருவரை வாசலில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கும் காட்சிக்குத் திரையரங்கே அதிர்ந்தது. வீட்டிலேயே அதிகாரம் குறைந்தவள் அவள். அவளிடம்தான் அந்தப் படத்தின் பெரிய சிரிப்பு இருந்தது. பிறகு கோவை சரளா வந்தார். ஊர்வசி வந்தார். 1990ல் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் தொடங்கி இன்றுவரை ஊர்வசி சளைக்கவே இல்லை.

அதே ஊர்வசிதான் 2022ல் 'வீட்ல விசேஷம்' படத்தைத் தாங்கிப் பிடித்தார். 'பதாயி ஹோ' என்னும் 2018ஆம் ஆண்டு இந்திப் படத்தின் மறுபதிப்பு அது. கல்யாண வயதில் மகன் இருக்கும்போது அம்மா கர்ப்பமாகிவிடுகிறார். மகனுக்கு வெட்கம்; ஊருக்கு வேடிக்கை; அப்பா சத்யராஜ் அசட்டுச் சிரிப்போடு நிற்கிறார். நம் ஆட்களில் சிலர் இதைக் குடும்பத்தோடு பார்க்க முடியுமா என்று முகம் சுளித்தார்கள். ஏன் முடியாது? எல்லாக் குடும்பமும் அப்படித்தானே உண்டானது! படத்தில் ஆபாசம் துளியும் இல்லை. அம்மா என்பவர் ஒரு மனுஷி என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கிற அதிர்ச்சிதான் நகைச்சுவை. என் அளவுகோலில் அது நூற்றுக்கு நூறு குடும்பப் படம். 2024ல் வந்த 'ஜெ பேபி'யும் அப்படியே. அம்மா ரயிலேறிக் கொல்கத்தா வரைக்கும் போய்விடுகிறார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மகன்கள் சேர்ந்து தேடிப் போகிறார்கள். மனநிலை பாதித்த ஒரு தாயை வைத்துச் சிரிப்பதற்கும், அவரோடு சேர்ந்து சிரிப்பதற்கும் நடுவே உள்ள மெல்லிய கோட்டில் ஊர்வசி நடந்து காட்டினார். அந்தப் படத்துக்குக் கூட்டம் குறைவு. வருத்தம்தான்.

அதே 2024ல் வந்த 'லப்பர் பந்து' கிரிக்கெட் படம் என்றாலும் சிரிப்புக்குப் பஞ்சம் வைக்கவில்லை. மட்டையைக் கையிலிருந்து இறக்காத கணவன் கெத்து. அவனை ஒற்றைப் பார்வையில் அடக்கும் மனைவி யசோதை. ஸ்வாசிகா நடித்த அந்தப் பாத்திரம் அழுகிற மனைவி அல்ல. ஊரில் சிங்கமாக உலவுகிறவன் வீட்டு வாசலில் பூனையாவதுதான் அங்கே வேடிக்கை. ஆண்கள் அதிகம் சிரித்தது அந்தக் காட்சிகளுக்குத்தான் என்பது இன்னொரு வேடிக்கை.

இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு. பாண்டிராஜின் 'தலைவன் தலைவி' 2025 ஜூலையில் வந்தது. விஜய் சேதுபதி, நித்யா மேனன் இருவருமே தேர்ந்த கலைஞர்கள். பரோட்டா மாஸ்டரான கணவன், பிரிந்து போன மனைவி, குலதெய்வக் கோயிலில் குழந்தைக்கு மொட்டை, அங்கே இரு வீட்டாரும் கூடி நடத்தும் ரகளை. நம் மக்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். அந்த இருவர் கத்துவதில் ஒரு தாளம் இருக்கிறது, ரசிக்கத்தான் செய்தேன். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கத்தலும் அடிதடியும். அதன் முடிவில், இவ்வளவுக்கும் பிறகு சேர்ந்து வாழ்வதுதான் அன்பு, விவாகரத்து கூடாது என்று தீர்ப்பு. இரண்டு குடும்பங்களும் சேர்ந்து ஒரு பெண்ணைப் படுத்துகிற பாட்டை ஊடல் என்று பெயரிட்டு அழைத்தால், வீட்டில் உண்மையாகவே அடி வாங்கிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்கிற பெண் என்ன நினைப்பாள்? அவளும் பக்கத்தில் கணவனோடும் மாமியாரோடும் அமர்ந்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துத்தானே ஆக வேண்டும்?

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மலையாளப் படத்தைச் சொல்கிறேன். விபின் தாஸ் இயக்கிய 'ஜய ஜய ஜய ஜய ஹே', 2022ல் வந்தது. அதிலும் கணவன் அடிக்கிறான். அதிலும் குடும்பம் பொறுத்துப் போகச் சொல்கிறது. அதுவும் நகைச்சுவைப் படம்தான். ஆனால் அந்தப் பெண் காணொளிகளைப் பார்த்துத் தற்காப்புக் கலை பழகி ஒரு நாள் திருப்பி அடிக்கிறாள். அடித்தவன் சோபாவில் விழுந்து விழித்துப் பார்க்கும்போது திரையரங்கில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அது வேறு வகைச் சிரிப்பு. ஒரே பிரச்சினை, ஒரே குடும்பச் சூழல். சிரிப்பின் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

மது அருந்தும் காட்சிகளைப் பற்றி மற்றவர்கள் விரிவாகப் பேசிவிட்டார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். நண்பர்கள் மனம் விட்டுப் பேச வேண்டுமென்றால் மதுக்கடைக்குத்தான் போக வேண்டும் என்று கதாசிரியர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒரு தேநீர்க் கடையில் உட்கார வைத்தால் வசனம் வராதா?

பிள்ளைகளுக்கான படம் என்று பார்த்தால் கை விரல்களில் எண்ணிவிடலாம். நடிகர்களில் பிள்ளைகள் இருப்பார்கள். பெரியவர்கள் சொல்லும் பஞ்ச் வசனத்தைச் சின்ன வாயில் வைத்துப் பேச வைப்பார்கள். நாமும் கை தட்டுவோம். அந்த வகையில் ராம் இயக்கி 2025 ஜூலையில் வந்த 'பறந்து போ' எனக்குப் பெரிய ஆறுதல். கடுமையான படங்களுக்குப் பெயர் போன ராம், சிரிக்க வைக்கப் புறப்பட்டதே ஆச்சரியம். மாதத் தவணையைக் கட்ட ஓடும் அப்பா மிர்ச்சி சிவா. வெளியூரில் சேலை விற்பனைக்குப் போயிருக்கும் அம்மா கிரேஸ் ஆண்டனி. பூட்டிய வீட்டுக்குள் கணினியோடு தனியாக இருக்கும் பையன். அப்பாவும் மகனும் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுகிறார்கள். பையன் அடம் பிடிக்கிறான், மரம் ஏறுகிறான், சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை. பிள்ளையைப் பிள்ளையாகவே விட்டிருக்கிறார்கள். பாட்டுகள் அளவுக்கு மீறி வருகின்றன. பின்பாதியில் பயணம் போகிற போக்கில் நீள்கிறது. இருந்தாலும் யாரையும் அழ வைத்து அனுப்ப வேண்டும் என்ற அவசரம் அந்தப் படத்துக்கு இல்லை. இரண்டு பேரும் உழைத்தால்தான் தவணை கட்ட முடியும் என்கிற வீடுகளில், பிள்ளையைப் பூட்டிவிட்டுப் போகிற பெற்றோருக்கு அந்தப் படம் ஒரு குத்தலும் விடவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. அவர்கள் ஓடுகிற ஓட்டத்தையே வேடிக்கையாகக் காட்டியது.

நம் நாட்டுத் தயாரிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. தீபாவளிக்குத் தீபாவளி நகைச்சுவைத் தொலைக்காட்சிப் படங்கள் வருகின்றன. 2011ல் மலாய் நகைச்சுவைக் கலைஞர் அஃப்ட்லின் ஷௌகியே 'அப்பளம்' என்று ஒரு தமிழ்ப் படம் இயக்கினார். நமக்குத் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் சிரிப்பு என்றாலே மதுரை வழக்கைக் கடன் வாங்கிப் பேசுகிற பழக்கம் பலருக்கு இன்னும் விடவில்லை. அடுக்குமாடி மின்தூக்கி பழுதாகி மேல் மாடிக்குக் கல்யாணப் பெண்ணை நடத்தி அழைத்துப் போகிற வேடிக்கை மதுரையில் கிடைக்காது. நம்மிடம்தான் இருக்கிறது.

அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கு ஒதுக்கிய நேரம் முடிகிறது. விடுமுறைக்கு எதைப் பார்க்கலாம் என்று நிகழ்ச்சிக்கு முன் ஒரு நேயர் கேட்டிருந்தாராம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் 'பறந்து போ' பாருங்கள். வயதான பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்திருக்கிற வீடு என்றால் 'வீட்ல விசேஷம்'. முதல் பத்து நிமிடம் நெளிவீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். 'குடும்பஸ்தன்' பார்ப்பதானால் கணவனும் மனைவியும் சேர்ந்து பாருங்கள். படம் முடிந்ததும் அந்த மாதத் தவணைகள் எத்தனை என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டால் நல்லது. 'தலைவன் தலைவி' பார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்கும்போது திரையை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் அமர்ந்திருக்கிற வீட்டுப் பெண்கள் எந்த இடத்தில் சிரிக்கவில்லை என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.